மொட்டைமாடிப் பண்ணையம்

கல்யாண மண்டபத்தில் எல்லாரும் பந்திக்குப் போகும் வழியைத் தேடுவார்கள். ஒருவர் மட்டும் பந்தி முடிந்து இலை போகும் வழியைத் தேடுவார். மண்டபத்துக்குப் பின்புறம், சாம்பார் வாசத்துக்கும் சாக்கடை வாசத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, குவிந்து கிடக்கும் வாழையிலைகளைக் கண்கலங்கப் பார்ப்பார். "அத்தனையும் தங்கமுங்க. அப்படியே வண்டில ஏத்திக் கொண்டுபோய் வெள்ளலூர்ல கொட்டிருவானுக" என்பார். மணமக்கள் கழுத்து மாலை எப்போது கழற்றப்படும் என்பதில் மாப்பிள்ளையைவிட இவருக்குத்தான் அவசரம்.

இவர்தான் மொட்டைமாடிப் பண்ணையக்காரர். கோயம்புத்தூரில் வடவள்ளியாகட்டும் சிங்காநல்லூராகட்டும், தெருவுக்கு ஒருவராவது கண்ணில் படுவார். வயது அறுபதுக்கு மேல். மில்லிலோ மின்வாரியத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணி நிறைவு விழாவில் போர்த்திய பொன்னாடைகள் இப்போது கீரைப் பாத்திக்கு நிழல் தருகின்றன. வங்கியில் பயிர்க்கடன் பிரிவில் இருந்தவர் என்றால் இன்னும் விசேஷம். சர்வீஸ் முழுக்க உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் கடன் எழுதிக் கொடுத்த கை அது. இன்று யூரியா என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டு வருவார். இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வாரைப் பற்றிப் பேச்சு வந்தால் 'ஐயா' என்பதற்கு மேல் பேர் சொல்லமாட்டார். ஐயா உயிரோடு இருந்த காலத்தில் அவருடைய கூட்டம் ஒன்றுக்குக்கூடப் போனதில்லை என்ற மனக்குறை வேறு உண்டு.

ஆரம்பம் எல்லார் வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 2013 வாக்கில் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்ட கிட் கொடுக்க ஆரம்பித்தது. பைகள், தென்னை நார்க்கழிவு, விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா எல்லாம் அதில் இருந்தன. "சும்மா டிவி பார்த்துட்டு உக்காந்திருக்கறதுக்கு இதையாவது வாங்கிட்டு வாங்களேன்" என்று வீட்டம்மாதான் அனுப்பினார். அந்த அம்மா தன் வாழ்க்கையில் சொன்ன வாக்கியங்களில் திரும்பப் பெற நினைப்பது அது ஒன்றைத்தான்.

பண்ணையக்காரர் என்று பேர்தானே தவிர, அவருக்குக் காய்கறியில் அவ்வளவு நாட்டமில்லை என்பது என் முடிவு. காய் ஒரு சாக்கு. அவருடைய உண்மையான விளைச்சல் உரம். ஒறம்பரை வந்தால் பூத்துக் குலுங்கும் அவரையைக் காட்டமாட்டார். நேரே மாடியின் மூலைக்கு அழைத்துப்போய், ஓட்டை போட்ட பெயிண்ட் வாளி ஒன்றின் மூடியைத் திறப்பார்.

"மோந்து பாருங்க."

வந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிவார்.

"மழ பேஞ்ச மண்ணு வாசம் வருதுங்களா?"

வருகிறது என்று சொல்லும்வரை மூடி மூடப்படாது. உண்மையில் அந்த வாசம் வரத்தான் செய்கிறது. நன்றாக மட்கிய உரத்தில் வாழும் ஆக்டினோமைசீட்ஸ் என்னும் நுண்ணுயிர்களின் கைங்கரியம் அது. புதுமழை மண்ணில் கிளம்பும் வாசத்துக்கும் அவைதான் காரணம். ஆனால் அடுத்த வாளி நேற்றைய வாளி. அதை அவர் திறப்பதற்குள் இறங்கி வந்துவிட வேண்டும். காற்றுப் புகாமல் ஈரம் மிஞ்சினால் எந்த வாளியும் நாறும். அதற்குக் காய்ந்த சருகைப் போட்டுக் கிளறிவிட்டால் தீர்ந்தது. இந்த ஒரு வரிச் செய்தியை அவர் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் ஆல்பர்ட் ஹோவர்ட் வருவார். அந்த ஆங்கிலேயர் நமக்கு விவசாயம் சொல்லிக்கொடுக்க வந்து, நம் குடியானவர்களிடம் கற்றுக்கொண்டு, இந்தூரில் உட்கார்ந்து மட்கு உரத்துக்கு ஒரு முறை வகுத்த கதை வரும். கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் முப்பதுக்கு ஒன்று என்ற கணக்கு வரும். வந்தவருக்குக் காப்பி மட்டும் வராது. காப்பித்தூள் சக்கை எந்த வாளிக்கு என்று கீழே இன்னும் முடிவாகவில்லை.

அந்த வீட்டில் உலகம் இரண்டே பிரிவு: பச்சை, காய்ந்தது. பச்சை என்றால் நைட்ரஜன், காய்ந்தது என்றால் கார்பன். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு. எண்ணெய்ப் பண்டம் கூடாது. எலுமிச்சைத் தோல் அளவோடு. முட்டை ஓடு பொடி செய்துதான். பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த பேரன் சிப்ஸ் கவரைப் பச்சை வாளியில் போட்டுவிட்டான் என்று ஒருநாள் வீடே விசாரிக்கப்பட்டது. "நான் போடல அப்புச்சி" என்று அவன் அழுததற்குப் பிறகும் விசாரணை நிற்கவில்லை. மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்தால் மாமனார் எதிரில் வந்து உட்காருவார். "இன்னும் நாலு முருங்கக்காய் போடு அம்மிணி" என்று உபசரிப்பார். பார்க்கிறவர்கள் பாசம் என்று நினைப்பார்கள். அவர் கண் மாப்பிள்ளையின் இலை ஓரத்தில் இருக்கும். சக்கையை நன்றாக மென்று போட்டால் சீக்கிரம் மட்கும்.

சூடு பிடித்தால்தான் உரம் என்று எங்கோ படித்துவிட்டார். பெரிய குவியலாகப் போட்டால் உள்ளே 55, 60 டிகிரிவரை சூடேறும் என்பது சரிதான். வாளி அளவுக்கு அதெல்லாம் ஏறாது. மனம் கேட்கவில்லை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தார். 42-க்கு மேல் அதில் கோடு கிடையாது. "எச்சா இருக்குது" என்று முடிவுகட்டிவிட்டு, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். அதன்பிறகு அந்த வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இருப்பதாக ஒப்புக்கொள்ளத் துணிவில்லை.

அப்புறம் புழு. சமையல் கழிவு இருக்கும் வாளியில் பி.எஸ்.எஃப். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கறுப்புச் சிப்பாய் ஈ முட்டையிட்டு, தடித்த புழுக்கள் நெளிய ஆரம்பிக்கும். சாமானியர் அலறுவார். இவர் ஊரெல்லாம் போன் போடுவார். "நம்ம பசங்க வந்துட்டானுக!" அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்த ஈ கடிக்காது, வீட்டுக்குள் வந்து சோற்றில் மொய்க்காது, புழுவோ கழிவை அசுர வேகத்தில் தின்று தீர்க்கும். ஆனால் முழுசாக வளர்ந்ததும் கூட்டுப்புழுவாக மாற ஈரமில்லாத இடம் தேடி அது வாளியைவிட்டு ஏறி வெளியே கிளம்பும். அப்படிக் கிளம்பிய ஒரு படை மாடிப்படி இறங்கிச் சமையலறை வாசல்வரை வந்துவிட்டது. "ஏனுங், மேல இருக்கறவரைக்கும் பசங்க. படி எறங்குனா புழு" என்று வீட்டம்மா வரையறுத்தார். கூட்டிப் பெருக்கியதும் அவர்தான்.

மூலப்பொருள் சேகரிப்பு தனிப் படலம். காலை நடைக்குப் போகிறவர்கள் உடம்பு இளைத்துத் திரும்புவார்கள். இவர் சாக்கு பருத்துத் திரும்புவார். புங்க மரத்தடியில் சருகு கூட்டும் தூய்மைப் பணியாளர்கள் இவரைக் கண்டால் தீப்பெட்டியை மறைத்துக்கொள்வார்கள். டீக்கடையில் தூள் சக்கை, கரும்புச்சாறு வண்டியில் சக்கை, மர அறுவை மில்லில் தூள், இளநீர்க்காரரிடம் மட்டை என்று எல்லா இடத்திலும் கணக்கு உண்டு. முடியில் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பங்கு நைட்ரஜன் என்று தெரிந்த நாள் முதல் சலூனுக்கும் போய்வருகிறார். தனக்கு வெட்டிக்கொள்ள அங்கு வேலையில்லை என்பது தலையைப் பார்த்தால் தெரியும்.

உச்சம், மீன் அமிலம். மீன் கழிவும் வெல்லமும் சம எடை. காற்றுப் புகாத டப்பாவில் மூன்று வாரம் வைத்தால் நாற்றம் போய்ப் பழவாசம் வந்துவிடும் என்பது சாஸ்திரம். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி கலந்து தெளித்தால் இலை கரும்பச்சையாகும். பரம்பரைச் சைவக் குடும்பம். உக்கடம் மீன் மார்க்கெட் எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதவர், விடியுமுன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே போய், செதிலும் குடலும் இரண்டு கிலோ கேட்டார். கடைக்காரர் மீனை எடுத்துக் காட்ட, "அது வேண்டாமுங்க, வயித்துக்குள்ள இருக்கறது மட்டும்" என்றார். மூன்று வாரம் தெருப்பூனைகள் அந்த வீட்டுப் படிக்கட்டில் குடித்தனம் நடத்தின. பழவாசம் வந்ததா என்பதில் குடும்பத்துக்குள் இன்றும் இரண்டு கருத்து இருக்கிறது.

பஞ்சகவ்யத்தில் சைவப் பிரச்சினை இல்லை. வேறு பிரச்சினை இருக்கிறது. இங்கே பக்கத்துக் கொடுமுடி டாக்டர் நடராஜன் ஊர் ஊராகப் பரப்பிய கரைசல் அது. சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஆகிய ஐந்தோடு வெல்லமோ கரும்புச்சாறோ, வாழைப்பழம், இளநீர் எல்லாம் சேர்த்துக் காலையும் மாலையும் கலக்கிவிட வேண்டும். பிறகு லிட்டருக்கு முப்பது மில்லி. இதில் நெய்யை எங்கிருந்து எடுத்தார் என்பதுதான் பிரச்சினை. "பொங்கலுக்கு ஊத்துக்குளி வெண்ணெய வாங்கிக் காச்சி வெச்ச நெய்யி. எங்களுக்கு ஒரு கரண்டிக்கு மேல ஊத்துனா கொலஸ்ட்ராலுன்னாரு. கத்திரிச் செடிக்கு கொலஸ்ட்ரால் வராதுங்களா?" என்று வீட்டம்மா என்னிடம் கேட்டார். நான் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீரைப் பற்றிக் கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு இரண்டு குழாய்: ஒன்றில் சிறுவாணி, இன்னொன்றில் போர்த் தண்ணி. சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றி வெளியூர்க்காரனிடம் பெருமை பேசாத கோவைக்காரன் கிடையாது. பண்ணையக்காரர் வீட்டில் சிறுவாணி வரும் நாளில் குடத்துக்கும் பூவாளிக்கும் போட்டி. உப்புத் தண்ணி ஊற்றினால் நுனி இலை கருகுகிறதாம். மனிதர்களுக்கு நுனி இல்லை. பொள்ளாச்சியிலிருந்து ஐரோப்பாவரை ஏற்றுமதியாகும் தென்னை நார்க்கட்டியையும், உப்புப் போக அந்தச் சிறுவாணியிலேதான் அலசுவார். அலசுகிற அன்று வீட்டில் துணி துவைப்பதில்லை.

பூச்சி வந்தால் அவர் முகத்தில் ஒரு பொலிவு வரும். இதுவரை ஒரு நாளும் தட்டுக் கழுவாத மனிதர், செம்பருத்தியின் ஒவ்வொரு கணுவிலும் அப்பியிருக்கும் மாவுப்பூச்சியைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுவார். வேப்பெண்ணெயையும் காதி சோப்பையும் கரைத்துத் தெளிப்பார். கூடவே ஒரு வரலாறும் தெளிப்பார். 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது இதே கோயம்புத்தூரில்தான். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளைபிடித்து நாசமாயின. எந்த மருந்துக்கும் அசையவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும் சிறு குளவி அது. ஓரிரு வருடத்தில் பூச்சி அடங்கியது. அருமையான கதை, அத்தனையும் உண்மை. அவர் சொல்லும்போது மட்டும், விமான நிலையத்தில் போய்க் குளவியை மாலை போட்டு வரவேற்றது இவர்தான் என்று நமக்குத் தோன்றிவிடும்.

பூச்சியை வெல்லலாம். மயிலை என்ன செய்வது? மருதமலை அடிவாரத்திலிருந்து கிளம்பி வடவள்ளி மாடிகளில் இறங்கும் மயில், தக்காளி பழுக்கும் நாளை அவரைவிடத் துல்லியமாகக் குறித்து வைத்திருக்கிறது. தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, கல்லெடுக்க முடியாது. முருகன் வாகனம், திட்டவும் முடியாது. தட்டைக் கொட்டி விரட்டிப் பார்த்தார், அது தோகையை விரித்தது. இப்போது, "மருதமலைக்கு நேந்துக்கிட்டதா நெனச்சுக்கறனுங்க" என்கிறார். நேர்ந்துகொண்டதற்கு மேலே வலையும் கட்டியிருக்கிறார்.

இரண்டு பண்ணையக்காரர்கள் சந்தித்தால் பக்கத்தில் நிற்காதீர்கள். ஒருவர் ஜீவாமிர்தக் கட்சி, இன்னொருவர் பஞ்சகவ்யக் கட்சி. மண்புழு உரம் பெரிதா, மட்கு உரம் பெரிதா என்று சம்பந்தி வீட்டு விசேஷத்தில் கிளம்பிய வாக்குவாதம், தாம்பூலப் பையோடு வாசலுக்கு வந்தும் ஓயாது. இவர்களுக்கென்று வாட்ஸப் குழு உண்டு. விடிகாலையில் அதில் ஒரு மஞ்சள் இலையின் படம் வரும். அடியில் நோய்ப் பெயர்கள் வரிசைகட்டும்: தண்ணி கம்மி, தண்ணி எச்சு, மெக்னீசியம் பற்றாக்குறை, வைரஸ், கண்திருஷ்டி. கடைசியில் வேளாண் பல்கலைக்கழகத்தில் படித்த யாரோ ஒருவர், "வயசான இலை, தானா உதிரும்" என்று போடுவார். அவரை யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள்.

வரவு செலவு பற்றி அவரிடம் கேட்கக் கூடாது. அது வீட்டம்மாவின் இலாகா. மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த அம்மா எழுதி வைத்திருக்கிறார்: பை, பந்தல் கம்பி, நிழல்வலை, வெல்லம், ஸ்பிரேயர், இரண்டாவது ஸ்பிரேயர், மாடியில் நீர்க்கசிவுக்கு அடித்த பூச்சு. அதை விளைந்த கத்தரிக்காய்களால் வகுத்து ஒரு காயின் விலை கண்டுபிடித்திருக்கிறார். தொகையை என்னிடம் சொன்னார். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்கு நடந்து போய், அங்கிருந்து ஆட்டோவில் திரும்பினாலும் லாபம் என்பது மட்டும் தெரிகிறது. இந்தக் கணக்கைக் காட்டினால் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "வெசம் இல்லாத காய்க்கு வெல போட முடியுமுங்களா?" வீட்டம்மா இதற்குப் பதில் சொல்வதில்லை. அவருக்கும் அந்தக் கீரைதான் பிடிக்கிறது. அதை நோட்டில் எழுத இடமில்லை.

வெளியூர்ப் பயணம் என்பது அந்த வீட்டில் இல்லாமலே போயிற்று. மகள் அமெரிக்காவுக்கு டிக்கெட் போட்டு அழைத்தால், "ஆடிப்பட்டம் வருதே கண்ணு" என்கிறார். ஆடி போனால் புரட்டாசி, அப்புறம் தை. போயே தீர வேண்டிய விசேஷம் என்றால், தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு நான்கு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். போன இடத்திலிருந்து வீடியோ காலில் முதலில் விசாரிப்பது புடலையை. பையன் போனைப் புடலைப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும். நுனியில் கட்டிவிட்ட கல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவன் பரீட்சை எப்படி எழுதினான் என்று கேட்பார்.

இவ்வளவு சொன்னபிறகு அவரைப் பற்றி என் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். தொந்தரவு பிடித்த மனிதர்தான், சந்தேகமில்லை. ஈரக் குப்பை, உலர் குப்பை, அபாயக் குப்பை என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது 2016லேயே வந்த விதி. நம் தெருவில் பிரிக்கிறோம். பிரித்ததை எல்லாம் வண்டி வந்ததும் ஒன்றாகக் கொட்டிவிட்டு, பிரித்த புண்ணியத்தோடு உள்ளே வருகிறோம். கோடையில் வெள்ளலூர்க் கிடங்கு தீப்பிடித்துப் புகைந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாநகராட்சியைத் திட்டுகிறோம். இந்த மனிதரும் திட்டுகிறார். ஆனால் அவர் வீட்டு வாசலில் குப்பை வண்டி நின்று பச்சைக் கழிவு வாங்கி யாரும் பார்த்ததில்லை. வண்டிக்காரர்தான் சில நாள் இறங்கி, கீரைக்கட்டு வாங்கிக்கொண்டு போகிறார்.

ஆகவே உங்கள் தெருப் பண்ணையக்காரர், ஒரே வாரத்தில் காய்த்துத் தொங்கிய சுரைக்காய்களோடு உங்கள் கதவைத் தட்டினால், வீட்டில் ஆளில்லாதது மாதிரி விளக்கை அணைத்துவிடாதீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள். முற்றியிருந்தாலும் சொல்ல வேண்டாம். மறுநாள் பார்க்கும்போது "கடைக்காயில இந்த ருசி இல்லீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வதை மட்டும் தெருவில் வைத்துச் சொல்லுங்கள். அவர் வீட்டில் வைத்துச் சொன்னால் மாடிக்குக் கூட்டிப் போய்விடுவார். சுரைக்காய்த் தோலைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிடாதீர்கள், சாயங்காலம் வாளியோடு வருவார்.